நடுவுல ஒரு டீக்கடை

எலெக்ஷன் முடிஞ்சுபோச்சு, ஜெயிச்சவன் மாலை போட்டுக்கிட்டான், தோத்தவன் மிஷினைத் திட்டிட்டான், இனிமே அவங்கவங்க துப்பாக்கிய அவங்கவங்க வாங்கிட்டுப் போகலாம்னு போன் வந்து, இந்தா போடி டவுன் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவுல வரிசையில நிக்கிறேன். லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவன் எலெக்ஷன் அறிவிச்ச உடனே அதைக் கொண்டாந்து இங்க ஒப்படைக்கணும், ரிசல்ட் வந்தபெறகு திரும்ப வாங்கிக்கணும், அது சட்டம். பேங்க்ல கன்மேனா இருந்த வரைக்கும் எனக்கு அதுல விலக்கு உண்டு. ரிட்டயர் ஆனதும் விலக்கும் ரிட்டயர் ஆயிருச்சு. வரிசை என்னமோ ரேஷன் வரிசை மாதிரிதான் இருக்கு, கையில பை இல்லாததுதான் குறை. முன்னால ரெண்டு மூணு எஸ்டேட்காரங்க, இஸ்திரி கலையாத வேட்டி, ஒருத்தர் செண்ட் வேற அடிச்சிருக்கார், துப்பாக்கிக்கு மாப்பிள்ளையா வந்தவர் மாதிரி. பின்னால நாங்க, பட்டாளத்துலருந்து வந்து பேங்க் வாசல்ல நின்னு பாதம் தேஞ்சவங்க. எனக்கு நேர் பின்னால ஜக்கையன். ஒரே பட்டாலியன், நான் ரெண்டு பட்டை நாயக்கா வந்தேன், அவன் மூணு பட்டை ஹவில்தாரா வந்தான், அந்த ஒரு பட்டையை இன்னும் தோள்லருந்து எறக்கல. அவன் மூச்சு என் பிடரியில படுது, காலையில வெங்காய ஊத்தப்பம் போல. "என்ன மாப்ள, துப்பாக்கியப் பிரிஞ்சு இளைச்சுப்போயிட்ட?" "எலெக்ஷன்ல நின்னேன்ல மாமா, அலைச்சல்." "எந்தச் சின்னம்?" "கால்வலி." வரிசையே சிரிச்சுருச்சு, செண்ட்காரர் கூட திரும்பிப் பாத்துச் சிரிச்சார். என் வாய் இப்படித்தான், எனக்கு ரெண்டு எட்டு முன்னால போய் நின்னுக்கிட்டு எல்லாரையும் சிரிக்க வச்சு அனுப்பிரும், பின்னால நான் வர்றது யாருக்கும் தெரியாது. இன்னைக்கு அந்த மேசைக்கு முன்னால போயி நான் ரெண்டுல ஒண்ணு சொல்லணும். குடுங்கம்மான்னு கைய நீட்டணும். இல்ல, வேண்டாம்மான்னு சொல்லணும். ரெண்டு வார்த்தையும் நாக்குக்கு அடியில கெடக்கு, புளியங்கொட்டை மாதிரி.

வெளியில ஜீப் நிக்குது. ஜக்கையன்தான் பேசி முடிச்சான், குரங்கணிக்கு மேல ஒரு தோட்டத்துல காவல் வேலை, காப்பி, மிளகு, கொஞ்சம் ஏலம், ராத்திரி பன்னி வருதாம், பகல்ல திருட்டு வருதாம், ரெண்டுக்கும் சொந்தத் துப்பாக்கியோட ஒரு பட்டாளத்து ஆள் வேணுமாம். தனி வீடு குடுக்குறாங்க மாப்ள, தகரம் போட்டது, அரிசி பருப்பு எல்லாம் மேல வந்துரும், போன் டவர் மட்டும் கெடைக்காது, உனக்கு எதுக்கு டவர், நீ என்ன கலெக்டரா. வீட்டுல சும்மா கெடந்து பேன் சுத்துறதப் பாக்குறதுக்கு இது தேவலைல்ல. அவன் எனக்கு நல்லதுதான் செஞ்சான். நான் சரின்னு சொன்னப்ப ஜெயக்கொடி அடுப்பங்கரையில தேங்கா திருகிக்கிட்டு இருந்தா, திருகுற சத்தம் நின்னுச்சு. எம் பொண்டாட்டி ஒரு வேலைய பாதியில நிறுத்துறவ இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் ஆரம்பிச்சா. தேங்காயத் திருகி முடிச்சு, ஓட்டையும் சேத்துத் திருகுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. இன்னைக்குக் காலையில கிளம்பும்போது துணிமணியெல்லாம் எடுத்து வச்சா, கம்பளி வச்சா, தைலம் வச்சா. போகாதீங்கன்னும் சொல்லல, போயிட்டு வாங்கன்னும் சொல்லல. "அப்ப இன்னையிலருந்து எனக்கு மட்டும் உலை வச்சாப் போதும்"ன்னா. அரிசியப் பாத்துக்கிட்டே சொன்னா. நான், "ஆமா, அரிசி மிச்சம்"ன்னேன். மறுபடியும் வாய் முன்னால போயிருச்சு. எதுக்கு அப்படிச் சொன்னேன்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே. இதையும் அவதான் சொன்னா, ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும், ஒரு செவ்வாக்கிழமை. வரிசையில ஒரு அடி நகந்தா இந்த வார்த்தையும் கூடவே ஒரு அடி நகருது. பட்டாளத்துல எங்க கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் ஆயுதம் சுத்தம் பண்ற நாளு. பட்டாளத்த விட்டு வந்தும் எனக்கு அது மாறல, கல்யாணமான நாள்லருந்து அவளுக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை அவ வீடு கழுவுவா, வெளக்கு வெளக்குவா, நான் துப்பாக்கியத் தொடைப்பேன், அவ சாம்பிராணியும் என் எண்ணெய் நாத்தமும் சேந்து எங்க வீட்டுக்குன்னு ஒரு வாசம். மக சின்னப்பிள்ளையா இருக்கையில அதான் சாமி வாசம்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு செவ்வாக்கிழமை மத்தியானம் ஜெயக்கொடி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனா, தலைவியம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கூட்டம் இல்ல, போன வேகத்துல திரும்பிட்டா. நான் உள் ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்தேன். மடியில துப்பாக்கி. பேனைக்கூடப் போடல. ஏன் போடலன்னு இப்ப யோசிக்கிறேன், கரண்டை மிச்சம் பண்ணனும்னு தோணியிருக்கு, பாருங்க. அவ வாசப்படியில நின்னா. நான், "சுத்தம் பண்றேன்"ன்னேன். அவ என் கையப் பாத்தா. கையில துணி இல்ல. ரூம்ல எண்ணெய் வாசம் இல்ல. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே"ன்னா. அவ்வளவுதான். "தெரியும்"ன்னேன். தெரியும்னு சொன்னேனே, தெரியாதுன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம், மறதின்னு இருந்திருக்கும். அவ உள்ள போயி பாத்திரம் வெளக்குனா, வெளக்கி வச்சிருந்த பாத்திரத்தையே எடுத்து வெளக்குனா. அன்னையிலருந்து பாயைத் துப்பாக்கி வைக்கிற பீரோவுக்கு முன்னால போட்டுப் படுக்குறா. கேட்டா இங்கதான் காத்து வருதுங்கிறா. பீரோவுக்கு முன்னால எங்கேருந்து காத்து வரும். நானும் ஆமா, நல்லாத்தான் வருதுன்னேன். ரெண்டு பேரும் அந்தக் காத்தைப் பத்தி எவ்வளவு நாளாப் பேசிக்கிட்டு இருக்கோம்.

"ஏன் மாப்ள, துப்பாக்கி எதுவும் கரையான் அரிச்சிருக்குமோ, இந்த போலீஸ்காரங்க வச்ச லட்சணத்துல?" ஜக்கையன். "அரிச்சா கரையானுக்கும் லைசென்ஸ் எடுக்கணும்"ன்னேன். அவன் என் முதுகுல ஒரு தட்டு தட்டுனான். முதுகு சுருங்குச்சு. யாராவது அன்பாத் தொட்டா இப்ப அப்படித்தான் ஆகுது, கண்டுபிடிச்சிருவாங்களோன்னு. ஒண்ணு கேட்டா பதில் சொல்ல முடியாது எனக்கு. ஏன்ப்பான்னு கேட்டா. கடன் இல்ல. நோய்னு பெருசா ஒண்ணும் இல்ல, முழங்கால் மட்டும். மக திருப்பூர்ல நல்லா இருக்கு, மருமகன் தங்கமான பையன், தண்ணி கூட போடமாட்டான், அவங்கூட உக்காந்து பேசுறதுதான் கஷ்டம். பென்ஷன் வருது. பொண்டாட்டி என்னைய ஒரு நாளும் சுடுசொல் சொன்னதில்ல. காரணம்னு ஒண்ணு இருந்திருந்தா வெக்கம் பாதியா கொறஞ்சிருக்கும், அதைக் காட்டி இதனாலன்னு சொல்லலாம். காரணமே இல்லாம, சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடுற மாதிரி, மத்தியானத்துல ஒண்ணு வந்து நெஞ்சுல குந்துது, போதும்ப்பாங்குது. குரல் கூட இல்ல, ஒரு கனம். பேங்க்ல கதவுகிட்ட நின்ன வரைக்கும் எத்தனை பேர் வணக்கம் கன்மேன் சார்னு போவாங்க, அவங்க என்னைய இல்ல, துப்பாக்கியத்தான் கும்பிட்டாங்கன்னு அப்பவே தெரியும், சிரிச்சுக்குவேன். இப்ப கும்பிட ஆள் இல்லன்னுதான் இப்படியாச்சுன்னா அதைவிட கேவலம் என்ன இருக்கு. அதுக்காகவா ஒரு மனுசன். அதுவும் இல்ல. அதுவும் காரணமா வர மாட்டேங்குது. ஒரு காரணம் கெடைக்காம அலையுற ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அந்தச் செவ்வாக்கிழமைக்கு அடுத்த வாரம் எலெக்ஷன் அறிவிச்சாங்க. ஸ்டேஷன்லருந்து போன். ஜெயக்கொடி அவ்வளவு சந்தோஷமா ஒரு எலெக்ஷன வரவேத்து நான் பாத்ததில்ல. அவளே உறைய எடுத்து, துப்பாக்கிய உள்ள விட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, அந்த உறையே அவ தைச்சதுதான், பழைய ஜன்னல் திரைச்சீலை, நீலத்துல வெள்ளைப் பூ, பட்டாளத்துக்காரன் ஆயுதத்துக்குப் பூப்போட்ட சட்டை. கொண்டாந்து இங்க குடுத்துட்டேன். அதுக்கப்புறமும் அந்தக் கனம் வந்துச்சு. ரெண்டு தடவையோ மூணு தடவையோ. ஒரு தடவை நல்லா ஞாபகம் இருக்கு, வெளியில பிரச்சார வேன் பாட்டு போட்டுக்கிட்டுப் போகுது, உங்கள் பொன்னான வாக்குகளைன்னு ஒருத்தன் கத்துறான், நான் எந்திரிச்சு நேரா பீரோவுக்குப் போயி கதவைத் தொறந்துட்டேன். உள்ள அது நிக்கிற மூலையில ஒண்ணும் இல்ல. அவளோட பட்டுச்சேலை, அதுக்குக் கீழ ஒரு பாச்சா உருண்டை. அட, ஒப்படைச்சாச்சுல்ல. அப்படியே நின்னேன். சாவியத் தொலைச்சுட்டு வீட்டுவாசல்ல நிக்கிறவன் மாதிரி. வேன் அடுத்த தெருவுக்குப் போயிருச்சு, பாட்டு தேஞ்சுபோச்சு. பசிச்சுச்சு. வெக்கங்கெட்ட வயிறு. அடுப்பங்கரையில போயி தயிர்சோறு பிசைஞ்சு நார்த்தங்கா தொட்டுக்கிட்டுத் தின்னேன், ரெண்டாவது வாய்ல உப்பு கம்மின்னு தோணுச்சு. சாகணும்னு எந்திரிச்சுப் போனவன் பத்து நிமிசத்துல உப்பு கம்மிங்கிறான். சோத்தைத் தின்னுக்கிட்டே அழுகை வந்துச்சு, அதுவும் வெக்கமா இருந்துச்சு, அதோட உப்பும் போட்டுக்கிட்டேன். அப்ப என்னைய இன்னைக்கு இங்க நிக்க வச்சிருக்கது யாரு. பொண்டாட்டி இல்ல, மக இல்ல, சாமி இல்ல. எலெக்ஷன் கமிஷன். நான் ஓட்டுப்போட்டது யாருக்குன்னு சொல்லமாட்டேன், ஆனா எனக்கு ஓட்டுப்போட்டது அவங்கதான்.

செண்ட்காரர் உள்ள போயிட்டார். ஹெட் கான்ஸ்டபிள் ஒரு அம்மா, முத்துச்செல்வின்னு நெஞ்சுல பேர், துப்பாக்கி நம்பரை வாய்விட்டுப் படிச்சு, லைசென்ஸைப் பாத்து, கையெழுத்து வாங்கி, அடுத்துங்குது. அடுத்து. பேங்க்ல பகல் நின்னுட்டு சாயங்காலக் காலேஜ்ல நான் பி.காம் படிச்சேன், யூனிபார்மோடயே போவேன், பசங்க என்னைய காலேஜ் வாட்ச்மேன்னு நெனச்சு சைக்கிள் எங்க விடலாம்னு கேப்பானுங்க. புள்ளியியல் வாத்தியார் ஒட்டுறவுன்னு ஒண்ணு நடத்துனார். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணும் ஏறும், ஒண்ணு எறங்கினா அதுவும் எறங்கும், ஆனா ஏமாந்துறாதீங்க, குடை விக்கிறது கூடும்போது ஜலதோஷமும் கூடும், அதுக்காக குடைதான் ஜலதோஷம் குடுக்குதுன்னு பரீட்சையில எழுதினா முட்டை போடுவேன்னார். அந்த முட்டையை நான் ரொம்ப நாளாப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். ஏன்னா எங்க கன்மேன் சங்கத்துல ஒரு ஒட்டுறவு இருக்கு, யாரும் அதைப் பேசுறதில்ல. கூடலிங்கம். தேவாரம் ஊர்க்காரன், பேங்க் கேஷ் வேன்ல காவலுக்குப் போனவன். ஒரு நாள் சாயங்காலம் என்கிட்ட போன்ல, பங்காளி, ஞாயித்துக்கெழமை கறி எடுக்கலாமா, பங்கு சொல்லவான்னு கேட்டான். சொல்லுன்னேன். ஞாயித்துக்கெழமை அவன் வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருந்துச்சு. சுத்தம் பண்ணும்போது கை தவறிருச்சுன்னு அவன் மச்சான் சொன்னான். நாங்க எல்லாரும் தலைய ஆட்டுனோம். பட்டாளத்துக்காரன் தோட்டாவ உள்ள வச்சுக்கிட்டு சுத்தம் பண்ணமாட்டான், அது தலை ஆட்டுன அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டிபட்டியில ஒருத்தன், அவனும் சுத்தம் பண்ணும்போது. சின்னமனூர்ல ஒரு பெரியவர், சுத்தம். எங்க சங்கத்துல மொத்தம் எத்தனை பேரு இருப்போம், ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டாவது பந்திக்குப் பத்தமாட்டோம். எங்க தெருவுல அதைவிட எத்தனையோ மடங்கு சனம், கடங்காரன், குடிகாரன், காதல்ல தோத்தவன், மார்க்குக் கொறஞ்சது, எல்லாமும் இருக்கு, இருந்தும் கணக்கு போட்டுப் பாத்தா. வேண்டாம், போட வேண்டாம்னு நெனைக்கிறேன், படிச்ச கழுதை தானாவே வகுத்துப் பாக்குது. துப்பாக்கி இருக்குற வீட்டுல இருக்கவன்தான் அதிகமா சோகமா இருக்கானா. இல்ல. சோகம் தெருவுக்கே பொதுவாத்தான் பங்கு வச்சிருக்கு. அப்ப சார், இது குடை இல்ல சார். அன்னைக்கு நானும் அதே வார்த்தையத்தான சொன்னேன். சுத்தம் பண்றேன். எந்திரிச்சு வராத ஆளுங்களுக்குன்னு நாங்க வச்சிருந்த வார்த்தைய, உக்காந்திருக்கும்போதே நான் எடுத்துச் சொல்லியிருக்கேன். அது ஜெயக்கொடிக்குத் தெரியும். கூடலிங்கம் பொண்டாட்டியக் கட்டிப்பிடிச்சு அழுதவ அவ.

தங்கமலை ஞாபகம் வருது. என் சித்தப்பா மகன். யாவாரத்துல ஏமாந்து, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயி, ஒரு நாள் விடியக்காலம் முடிவெடுத்து ஆத்துப் பாலத்துக்குக் கிளம்பிட்டான். வீட்டுக்கும் பாலத்துக்கும் நடுவுல ஒரு டீக்கடை. அப்பத்தான் பால் பொங்கி எறக்குறான். கடைக்காரன், என்ன தங்கமலை, நேரத்தோட, வா, மொதப் போணி நீதான்னு கூப்பிட்டிருக்கான். மொதப் போணிய எப்படி மறுக்குறது, பாவம்ல. உக்காந்து குடிச்சான். அதுக்குள்ள பேப்பர் வந்துருச்சு. பேப்பரப் படிச்சான். அதுக்குள்ள ஒருத்தன் வந்து ஓசி பீடி கேட்டு, பழைய கதை ஒண்ண எடுத்து, வெயில் வந்துருச்சு, வெயில்ல போயி எப்படிச் சாகுறதுன்னு வீட்டுக்கு வந்துட்டான். இதை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இப்ப பேத்தி எடுத்துட்டான். நானும் சிரிச்சிருக்கேன், கோழைப்பய, டீக்குச் செத்தவன்னு பேர் வச்சதே நான்தான். எங்க குடும்பத்துல எந்த விசேஷத்துலயும் அதைச் சொல்லித்தான் அவனை வாருவேன். ஏ டீக்குச் செத்தவனே, பாயாசத்துக்கு என்ன பண்ணுவன்னு. தங்கமலை, என்னைய மன்னிச்சுருடா. எல்லாருக்கும் நடுவுல ஒரு டீக்கடை இருக்குடா. பாலத்துக்கு நடக்கணும், கடைக்குப் போகணும், எதையாவது தேடணும், அதுக்குள்ள ஒருத்தன் கூப்பிடுவான், பசிக்கும், வெயில் வரும், கனம் தானா எறங்கிரும். எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பீரோக் கதவுதான். கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி என் அருணாக்கயிறுல. டீ ஆத்துற நேரம் கூட இல்லாத தூரத்துல வச்சுக்கிட்டு, நான் தைரியசாலி, அவன் கோழைன்னு. குரங்கணிக்கு மேல அந்தத் தகர வீட்டுல பீரோக் கதவும் கெடையாது. தலைமாட்டுலயே வச்சுப் படுக்கச் சொல்லுவாங்க, பன்னி வரும்னு. குறுக்க பாயைப் போட்டுப் படுக்க அங்க அவளும் இல்ல. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு யாரு சொல்லுவா.

ஜீப்காரன் ஹாரன் அடிக்கிறான். "வர்றாண்டா, வயசானவன் கையெழுத்துப் போட வேண்டாமா"ன்னு ஜக்கையன் கத்துறான். இன்னும் எனக்கு முன்னால ஒரே ஒருத்தர். சொல்றதுக்குப் பொய் ரெண்டு தயாரா வச்சிருக்கேன். தோள்பட்டை வலி, தூக்க முடியலன்னு ஒண்ணு. கண்ணு மங்குதுன்னு ஒண்ணு. கண்ணுதான் நல்லது, கண்ணுன்னா மரியாதை இருக்கு, கண்ணு மங்குனவனை யாரும் கேவலமா நெனைக்கமாட்டாங்க. ஆனா துப்பாக்கிய விட்டுட்டு வெறுங்கையோட வெளியில போனா ஜக்கையன் என்ன சொல்லுவான், சங்கத்துல என்ன சொல்லுவாங்க, எங்க தெருவுல எங்க வீட்டுக்கே துப்பாக்கிக்காரர் வீடுன்னுதான் அடையாளம், தபால்காரன் அதைச் சொல்லித்தான் வருவான், இனிமே என்ன சொல்லி வருவான். ஒரு தபால்காரனுக்காக யோசிக்கிறேன் பாருங்க. சுருளி, வாங்கிக்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். வாங்கிட்டு ஜீப்ல ஏறு. மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாப்போகும். தோட்டாவை மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போ. தோட்டா இல்லாத காவக்காரன், பன்னிகிட்ட போயி வணக்கம் சொல்லவா. ஏதாவது செய், ஆனா இத்தனை பேருக்கு முன்னால அதைச் சொல்லாத. அந்த வார்த்தைய வாய்விட்டுச் சொன்னா அப்புறம் எப்படி இவங்க முன்னால நடமாடுவ. சொல்லாதவன் எல்லாம் எங்க நடமாடுறான். கூடலிங்கம் சொல்லல. கறிக்குப் பங்கு மட்டும் சொன்னான்.

"அடுத்து. சுருளிவேல் யாருய்யா?" நான்தான். மேசை மேல அது படுத்திருக்கு, நீலத்துல வெள்ளைப் பூ, கழுத்துல ஸ்டேஷன் சீட்டு கட்டி, ஆஸ்பத்திரியில பொறந்த பிள்ளை மாதிரி. உறையோட வாய்ல ஜெயக்கொடி போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. அவ முடிச்சு வேற மாதிரி, பூக்கட்டுறவ முடிச்சு, இழுத்தா வராது, பொறுமையா நெகிழ்த்தணும். "கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்கய்யா." பேனாவ எடுத்தேன். எடுத்த பேனாவைத் திரும்ப மேசையில வச்சேன். "அம்மா, இதை இங்கேயே வச்சுக்க முடியுமா." "எத்தனை நாளைக்கு? ஊருக்கு எங்கயும் போறீங்களா?" "இல்லம்மா. எப்பவும்." அந்தம்மா நிமுந்து பாத்துச்சு. பின்னால ஜக்கையன், "என்ன மாப்ள, கலெக்டருக்கு அன்பளிப்பா?"ன்னான், யாரோ சிரிச்சாங்க. "லைசென்ஸ ஒப்படைக்கணும்னா காரணம் சொல்லணும்ய்யா. என்ன காரணம்?" "கண்ணு." "கண்ணுக்கு என்ன?" "மங்குது." "அப்ப டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, இன்னைக்கு எடுத்துட்டுப் போயிட்டு, வர்ற வாரம் அதோட கொண்டாங்க." இன்னைக்கு எடுத்துட்டுப் போயிட்டு. ஒரு வாரம். ஒரு வாரத்துல ஒரு செவ்வாக்கிழமை வருது. அந்தம்மா முடிச்சுல கைய வச்சு என் பக்கம் தள்ளுது, பூப்போட்ட துணி மேசையில வழுக்கி வருது, என் வயித்துல வந்து முட்டுது, உள்ள இருக்குற இரும்பு துணி வழியாவே குளுகுளுன்னு. நான் ரெண்டு கையாலயும் அதைத் திருப்பித் தள்ளுனேன். "வேற காரணம் இருக்கும்மா." "சொல்லுங்க." சொன்னேன். எனக்கே கேக்கல. "சத்தமாச் சொல்லுங்கய்யா, இந்த பேன் கழுதை கத்துது." ஆமா, இங்க பேன் ஓடுது. என் வாய் எப்பவும் எனக்கு முன்னால போறது, இன்னைக்குப் பாத்து எங்கயோ போயி ஒளிஞ்சுக்கிச்சு, ஒரு ஜோக்கு கூட வரல, நான் தனியாத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. "இது வீட்டுல இருந்தா என்னைய நான் நம்ப முடியலம்மா. ஒரு தடவை எடுத்து மடியில வச்சுட்டேன். இது இல்லாத இந்த ரெண்டு மாசமும் நான் இருக்கேன்."

பேன் மட்டும் கத்துச்சு. யாரும் சிரிக்கல. காது ரெண்டும் எரியுது, பட்டாளத்துல முத நாள் தலைமுடிய வழிச்சப்ப இப்படித்தான் எரிஞ்சுச்சு, எல்லாரும் மண்டையப் பாக்குற மாதிரி. அந்தம்மா உறையத் தன் பக்கமா இழுத்து, மடியில தூக்கி வச்சு, முடிச்ச அவுக்க ஆரம்பிச்சுச்சு, பொறுமையா, நகத்தால. அவுத்து, துப்பாக்கிய எடுத்து தனக்குப் பின்னால நிக்கிற போலீஸ்காரர்ட்ட குடுத்து உள்ள அனுப்பிட்டு, வெறும் உறைய நாலா மடிச்சு என்கிட்ட நீட்டுச்சு. "வீட்டுல தைச்சதா?" "ஆமா." "இது அவங்களோடது, கொண்டுபோங்க. அரசாஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்கார்யா, சீட்டு வாங்கிட்டு உள்ள போனா யாரும் எதுக்குன்னு கேக்கமாட்டாங்க. போங்க. போறீங்கல்ல?" "போறேன்மா." "சும்மா சொல்லக்கூடாது." "பட்டாளத்துக்காரன்மா"ன்னேன். அது லேசாச் சிரிச்சுச்சு. திரும்புனா ஜக்கையன். அவன் மூஞ்சியில ஹவில்தாரையே காணோம். மாப்ளன்னு கைய நீட்டுனான். நான் அவன் கையைத் தொட்டுட்டு வெளியில வந்துட்டேன். பின்னால, "அடுத்து. ஜக்கையன். ஜக்கையன் யாருய்யா?"ன்னு அந்தம்மா கூப்பிடுது. மறுபடியும் கூப்பிடுது. "நீங்க முன்னால போங்கண்ணே"ன்னு அவன் அடுத்த ஆளுக்கு வழி விடுற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. ஒருத்தன் வெக்கத்தை இன்னொருத்தன் பாக்கக்கூடாது.

ஜீப்காரன்ட்ட என் பையை மட்டும் குடுப்பான்னேன். மேல வரலையான்னான். இல்லன்னேன். அவன் வேற ஆள் தேடணும்னு மொனகிக்கிட்டே பைய எறக்கிப் போட்டான், கம்பளி பாதி வெளியில வந்து கெடக்கு. எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு, இவ்வளவு நாளா இருந்திருக்கு. போயி பெஞ்சுல உக்காந்து, பையக் கால்ல இடுக்கிக்கிட்டு, மடிச்ச உறைய மடியில வச்சுக்கிட்டு, போன எடுத்தேன். ஆட்டோக்காரங்க ரெண்டு பேர் பாக்குறாங்க, இவங்களுக்கும் தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு கூச்சம், தெரிய வழியில்ல, இருந்தாலும் தலை குனிஞ்சுதான் இருக்கு. இது சீக்கிரம் போகாது. டாக்டர்ட்டயும் இதை முதல்லருந்து சொல்லணும், அங்கயும் பேன் கத்துனா சத்தமாச் சொல்லணும். போன் மணி ரொம்ப நேரம் அடிச்சுச்சு. "ஏறிட்டீங்களா?"ன்னா. "இல்ல." "டவர் போயிருமேன்னு நெனச்சேன்." "ஜெயா. வாங்கல." அந்தப் பக்கம் அடுப்பு எரியுற சத்தம் மட்டும். "துப்பாக்கிய வாங்கல. அங்கேயே குடுத்துட்டேன். காரணம் கேட்டாங்க." "என்ன சொன்னீங்க?" "உள்ளதச் சொன்னேன். உன் உறை மட்டும் கையில இருக்கு." மூக்கை உறிஞ்சுற சத்தம், அப்புறம் அரிசி டப்பா மூடியத் தொறக்குற சத்தம், எங்க வீட்டு டப்பா, தொறந்தா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும் அதுக்கு.

"அப்ப இன்னொரு ஆழாக்கு போடுறேன்"ன்னா. "வெயிலுக்கு முன்னால வந்துருங்க."